மலைக்கு வரட்டும் தையல் இயந்திரப் பழுதுநீக்கம்

ஐயா,

ஏற்காடு மலைக் கிராமங்களில், அரசு வழங்கிய இலவசத் தையல் இயந்திரங்களையும் பாட்டி காலத்துச் சிங்கர் இயந்திரங்களையும் நம்பிப் பிழைக்கும் பெண்கள், நூல் அடிக்கடி அறுந்தாலும் தையல் விட்டுப்போனாலும், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கே செல்ல வேண்டியுள்ளது. பல நேரங்களில் பஞ்சை அகற்றி, எண்ணெய் இட்டு, அடிநூல் சுருளைத் தாங்கும் பாபின் கேஸின் திருகைச் சரிசெய்தாலே தீரும் கோளாறுதான் அது. அதற்கு வழியில்லாமல், உறுதியான வார்ப்பிரும்பு இயந்திரங்களைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்பது பெரும் இழப்பு. மின்னணுப் பலகை கொண்ட புதிய இயந்திரங்களுக்கோ தனிப் பயிற்சி தேவை. இரண்டும் அறிந்த பழுதுநீக்குநர் ஒருவர் ஊசி, பெல்ட், ஷட்டில் போன்ற உதிரிபாகங்களுடன் மாதம் ஒரு நாளாவது நாகலூர், வாழவந்தி போன்ற ஊர்களுக்கு வந்து செல்லவும், உள்ளூர்ப் பெண்களுக்கு இத்தொழிலைக் கற்பிக்கவும் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஏற்காடு