15 எச்பி போதும், மாப்பிள்ளை

மாப்பிள்ளை,

முதலில் செய்தி. ஆரம்பநிலைப் படகுப் பந்தயப் பிரிவுக்குக் கிளப்பில் சம்மதம் கிடைத்துவிட்டது. ஒரே வடிவப் படகு, படகின் பின்னால் மாட்டுகிற ஒரே 15 எச்பி (குதிரைத்திறன்) அவுட்போர்டு எஞ்சின், ஒரே புரொப்பெல்லர். பெரியவர் கையெழுத்தே போட்டுவிட்டார். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? முதுகுவலி தேவலையா? பெண்ணுக்குப் பரீட்சை முடிந்ததா? இங்கே எல்லோரும் சௌக்கியம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ரொம்ப நாளாக இது மனதை அரித்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். நம்மோடு ஓட்டியவர்களில் பாதிப் பேர் ஒதுங்கிவிட்டார்கள். புதிதாக யாரும் வரவில்லை. கரையில் நின்று பார்க்கிற பையன்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் கண்ணில் படுவது ஃபார்முலா 1 படகு: 400 எச்பி வரை தரும் எஞ்சின், மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகம். அதை ஒரு குடும்பம் சொந்தக் காசில் வாங்கி ஓட்ட முடியுமா? மாடி தெரிகிறது, படிக்கட்டைக் காணோம். ஐரோப்பாவில் பிள்ளைகளுக்கு ஜிடி15, அதற்கு மேல் ஜிடி30 என்று 15 எச்பியிலும் 30 எச்பியிலும் தொடங்கி வைக்கிறார்கள். அமெரிக்காவில் சிறு பிள்ளைகள் ஓட்டும் பிரிவில், காற்றுப் பாதையைக் குறுக்கும் ஒரு தகட்டை எஞ்சினில் மாட்டி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். நாம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

கூட்டத்தில் சின்னவர் எழுந்து, "15 எச்பியா? அதில் மீன் பிடிக்கத்தான் போகலாம். 30 வைத்தால் என்ன?" என்று ஆரம்பித்தார். அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்று. கியரில் 2.08 மடங்கு குறைந்து புரொப்பெல்லருக்கு வருவது 2,644 சுற்று. 11 அங்குலப் பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் முன்னே தள்ள வேண்டும். பெருக்கினால் மணிக்கு 44 கிலோமீட்டர். தண்ணீரில் வழுக்குவதற்கு 15 சதவீதம் கழித்தால் 37, 38 வரும். சாலையில் அந்த வேகத்தை யாரும் வேகம் என்றே சொல்ல மாட்டார்கள். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே மண்டியிட்டுக்கொண்டு, பக்கத்துப் படகு கிளப்பும் அலை முகத்தில் அடிக்க, மிதவையைச் சுற்றித் திரும்புகிறவனுக்கு அது என்ன வேகம் என்று உனக்கும் எனக்கும் தெரியும். முதல் வருஷம் ஓட்டுகிறவனுக்கு அதுவே தாராளம். இன்னொன்று, 15 எச்பி எஞ்சின் 50 கிலோ சுமாருக்குத்தான் இருக்கும். இரண்டு பேர் தூக்கி மாட்டிவிடலாம். கிரேன் வேண்டாம், பெரிய டிரெய்லர் வேண்டாம், அதை இழுக்கப் பெரிய வண்டியும் வேண்டாம். செலவு ஏறுவது எஞ்சின் விலையில் மட்டும் இல்லையே.

இப்போது என் பெரிய கவலை. மலிவாகத் தொடங்குவது சுலபம், மலிவாகவே வைத்திருப்பதுதான் கஷ்டம். இப்படித் தொடங்கிய பிரிவுகள் எப்படிச் செத்தன என்று நாம் பார்த்திருக்கிறோம். முதல் வருஷம் எல்லோரும் கடையில் வாங்கிய எஞ்சினை அப்படியே மாட்டி ஓட்டுவார்கள். இரண்டாம் வருஷம் ஒருவர் புரொப்பெல்லரை வெளியே கொடுத்து மெருகேற்றி வருவார். அவர் ஜெயிப்பார். அடுத்த பந்தயத்துக்கு எல்லோர் கையிலும் அதே மாதிரி ஒன்று இருக்கும். அப்புறம் ஆளுக்கு நாலு புரொப்பெல்லர், தண்ணீரின் தன்மைக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று. மூன்றாம் வருஷம் எஞ்சினைத் திறப்பார்கள். நாலாம் வருஷம் ஆறு படகு இருந்த இடத்தில் இரண்டு நிற்கும். அந்த இரண்டு பேரும் "இப்போதெல்லாம் யாருக்கும் ஆர்வமே இல்லை" என்று வருத்தப்படுவார்கள்.

நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினில் இந்த ஆபத்து இன்னும் நைசாக வரும். பல கம்பெனிகளில் 15 எச்பிக்கும் 20 எச்பிக்கும் உள்ளே இருப்பது ஒரே பிளாக். கார்புரேட்டரிலோ கட்டுப்பாட்டுப் பெட்டியிலோதான் வித்தியாசம். மேல் மூடியில் 15 என்று எழுதியிருக்கும், உள்ளே 20 ஓடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான வழி ஜப்பான்காரர்கள் செய்வதுதான். அவர்களுடைய படகுப் பந்தயம் 1952இல் ஓமுராவில் தொடங்கியது, இன்றுவரை ஓடுகிறது. ஆறு படகு, 600 மீட்டர் சுற்று, மொத்தம் மூன்று சுற்று. ஓட்டுகிறவனுக்கு அங்கே சொந்தப் படகு கிடையாது, சொந்த மோட்டாரும் கிடையாது. எல்லாம் பந்தயத் திடலுக்குச் சொந்தம். வந்து சீட்டு எடுக்க வேண்டும், எந்த எண் வருகிறதோ அதுதான் அவனுடைய மோட்டார். நல்லது வந்தால் யோகம், மட்டமானது வந்தால் தன் கைத்திறமையால் சமாளிக்க வேண்டும். பணம் வைத்திருக்கிறவன் அதைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் புரொப்பெல்லரை மட்டும் ரொம்ப காலம் அவரவர் சொந்தமாகக் கொண்டுவர விட்டிருந்தார்கள். சுத்தியலை வைத்துத் தட்டித் தட்டி ஒவ்வொருவனும் ஒரு பை நிறைய வைத்திருப்பான். 2012இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது புரொப்பெல்லரும் மோட்டாரோடு சேர்ந்தே வருகிறது. அதைத் தட்டிச் சரிசெய்துகொள்ளலாம், சொந்தமாகக் கொண்டுவர முடியாது. எஞ்சின், படகு இரண்டையும் பொதுவாக்கிய பிறகும் அறுபது வருஷம் கழித்து அவர்கள் வந்து நின்ற இடம் புரொப்பெல்லர் என்பதை யோசித்துப் பார். நமக்கு அது முதல் நாளிலேயே தெரிந்திருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

அதனால் நான் வைத்த திட்டம் இது. எஞ்சினும் புரொப்பெல்லரும் கிளப்புடையவை. புரொப்பெல்லரின் நடுப்பகுதியில் எண் பொறித்திருக்கும். தட்டவும் கூடாது, அரத்தால் தேய்க்கவும் கூடாது. பந்தயத்தன்று காலையில் சீட்டு. சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளில் கம்பி முத்திரை. சாயங்காலம் கழற்றி அலமாரியில் பூட்டிவிடலாம். ஓட்ட வருகிறவனுக்கு ஒரு படகு, ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் இருந்தால் போதும். படகைக்கூட இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒன்றாகச் செய்துகொள்ளலாம். அக்கா தம்பி மாறி மாறி ஓட்டட்டும்.

சின்னவருக்கு இது பிடிக்கவே இல்லை. "என் சொந்த எஞ்சினை நான் ஓட்டக் கூடாதா?" என்று குரலை உயர்த்தினார். தாராளமாக ஓட்டுங்கள், இந்தப் பிரிவில் வேண்டாம் என்றேன். பெரியவர் நடுவில் புகுந்து ஒரு மாற்று சொன்னார்: சொந்த எஞ்சின் கொண்டுவரலாம், ஆனால் ஜெயித்தவரின் எஞ்சினை அறிவிக்கப்பட்ட ஒரே விலைக்கு மற்றவர் யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், மறுக்க முடியாது. மண் தடக் கார்ப் பந்தயங்களில் இருக்கிற விதிதான். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. நண்பர்களுக்குள் ஒருவன் இன்னொருவன் எஞ்சினைக் கேட்டு வாங்கினால் அதற்கப்புறம் அவர்கள் முகம் கொடுத்துப் பேசுவார்களா? எனக்குச் சீட்டுதான் சரி. இதில் நான் இறங்கி வரப் போவதில்லை, நீயும் என் பக்கம் நிற்க வேண்டும்.

படகைப் பற்றி உன்னிடம் விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம். சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றேகால் மீட்டர் நீளம், பிளைவுட் பலகைகளைக் கம்பியால் தைத்து எபாக்ஸி பூசுகிற முறை, அடிப்பலகை 6 மில்லிமீட்டர். ஃபைபர் அச்சு வேண்டாம் என்று முடிவு. அச்சு ஒருவர் கையில் இருந்தால் படகின் விலையும் எடையும் அவர் கையில் போய்விடும். வெட்டுப்படம் பொதுவில் இருக்கும், யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். இரட்டை உடல் படகு கிடையாது, சாதாரண வி அடிதான். இரட்டை உடலில் நடுவே காற்று புகுந்து தூக்கும். அந்தத் தூக்கல்தான் அதன் வேகம், பழகாதவனை மல்லாக்கப் புரட்டுவதும் அதுவே. வி படகு தவறு செய்தால் குதிக்கும், சறுக்கும், வேகத்தை இழக்கும். கற்றுக்கொள்கிறவனுக்கு அந்த மன்னிப்பு வேண்டும். எடை மட்டும் கண்டிப்பு: ஓட்டுநரையும் சேர்த்துக் குறைந்தபட்ச எடை, பந்தயம் முடிந்து ஈரத்தோடு தராசில் ஏற்ற வேண்டும். குறைந்தால் ஈயம் கட்டிக்கொண்டு வரட்டும். 40 கிலோ பெண்ணும் 80 கிலோ ஆளும் ஒரே வரிசையில் நிற்பதற்கு வேறு வழி இல்லை.

மாப்பிள்ளை, இனி சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. ஓட்டுகிறவன் விழுந்தால் அவனோடு கட்டிய கயிறு இழுபட்டு எஞ்சினை நிறுத்துகிற கில் சுவிட்ச் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர், "15 எச்பிக்கு அதெல்லாம் எதற்கு?" என்றார். எனக்கு உடனே அந்த மழைநாள்தான் ஞாபகம் வந்தது. நீ தண்ணீரில் குதித்தது, தம்பியின் கை. அதை அங்கே பேச எனக்கு நா எழவில்லை. பதிலாக 2013இல் இங்கிலாந்தில் பேட்ஸ்டோ அருகே நடந்ததைச் சொன்னேன். ஒரு குடும்பமே படகிலிருந்து தூக்கி எறியப்பட்டது. கில் சுவிட்ச் கயிற்றை யாரும் மாட்டியிருக்கவில்லை. ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பத் திரும்ப அவர்கள் மேலேயே வந்தது. இருவர் இறந்துபோனார்கள். ஸ்டியரிங்கை விட்டதும் எஞ்சின் தானே ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும், படகு வட்டமடித்து விழுந்தவனை நோக்கியே வரக்கூடும். 15 எச்பி புரொப்பெல்லருக்கும் சதை சதைதான் என்றேன். அப்புறம் யாரும் பேசவில்லை.

ஆகவே கயிறு காலிலோ ஜாக்கெட்டிலோ மாட்டி, இழுத்து, எஞ்சின் நிற்பதைக் காட்டிய பிறகுதான் படகு கரையை விட்டு நகரும், ஒவ்வொரு முறையும். கழுத்தைத் தாங்கும் ஜாக்கெட், தண்ணீரில் பளிச்சென்று தெரிகிற ஆரஞ்சு ஹெல்மெட், நீச்சல் தெரிந்த இருவரோடு மீட்புப் படகு, கரையில் ஆம்புலன்ஸ். இவற்றில் ஒன்று வரவில்லை என்றாலும் அன்று பந்தயம் கிடையாது. மலிவு என்ற வார்த்தை இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கக் கூடாது. ஒரு தாயார், "சீட் பெல்ட் போடலாமே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. திறந்த படகில் பெல்ட் கட்டினால் கவிழ்ந்த படகின் அடியில் பிள்ளை மாட்டிக்கொள்ளும். பெல்ட் என்றால் மூடிய வலுவான கூண்டு வேண்டும், உள்ளே மூச்சுக்குக் காற்று வேண்டும், தலைகீழாகத் தண்ணீரில் தொங்கியபடி வெளியே வருகிற பயிற்சி வேண்டும். இங்கே தூக்கி எறியப்படுவதே பத்திரம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பெண்ணின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். முதல் பெயர் அதுதான்.

தொடக்கத்தைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. கடிகாரம் பார்த்து ஓடிவந்து கோட்டைத் தாண்டும் முறை அழகுதான். ஜப்பானில் ஒரு விநாடிக்குள் தாண்ட வேண்டும், முந்தினாலும் பிந்தினாலும் வெளியே. பிள்ளைகளுக்கு அது ஆகாது. படகுத்துறையில் எஞ்சினை அணைத்து வரிசையாக நின்று, விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் செய்து கிளம்பட்டும் என்கிறேன். பயம் முதல் மிதவையில்தான், எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே சேருவார்கள். அதனால் முதல் சில பந்தயங்களுக்குத் தனித்தனியாக நேரம் பார்ப்பது, பிறகு நாலு நாலு படகாக விடுவது, முதல் திருப்பத்தைத் தூரமாகத் தள்ளி வைப்பது. உனக்கு வேறு யோசனை இருந்தால் சொல்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். எஞ்சினையும் படகையும் அளந்து சரிபார்க்கிற பரிசோதகராக நீதான் இருக்க வேண்டும். முத்திரையை மதிக்க வைக்க ஒரு ஆள் வேண்டும், உன் வெர்னியர் அளவுகோலுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். இரண்டு மில்லிமீட்டருக்காகச் சொந்த மச்சானையே வெளியே அனுப்பியவன் நீ. அந்தக் கதையை இங்கே புதுப் பிள்ளைகள்வரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், உனக்கு அறிமுகமே தேவைப்படாது. "வயசாகிவிட்டது" என்று எழுதினால் நேரில் வந்து தூக்கிக்கொண்டு வருவேன்.

அப்புறம் ஒரு அவசரம். டிரான்சம், அதாவது எஞ்சின் மாட்டுகிற பின்பலகையின் உயரம். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கிற தட்டையான தகடு படகின் அடிமட்டத்துக்குச் சரியாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன். ஒரு அங்குலம் உயர்த்தினால் இழுவை குறைந்து நேர்கோட்டில் வேகம் வரும். ஆனால் திருப்பத்தில் புரொப்பெல்லர் காற்றை வாரும், குளிர்விக்கும் தண்ணீர் ஏறாமல் எஞ்சின் சூடாகும். எல்லோருக்கும் ஒரே உயரத்தில் முளையடித்துப் பூட்டிவிடலாமா, இல்லை ஓட்டை இரண்டு வைத்து விடலாமா? இரண்டு வைத்தால் பிள்ளைகள் கொஞ்சம் கற்றுக்கொள்வார்கள், பூட்டினால் சண்டை குறையும். நான் இரண்டு என்ற பக்கம் சாய்கிறேன், ஆனால் நீ சொல்வதுபோல் செய்கிறேன். பரிசோதகர் விஷயத்துக்கு மெதுவாகப் பதில் எழுது, இதற்கு மட்டும் உடனே எழுது. முதல் படகின் பின்பலகையை வெட்ட ஆசாரி அளவு கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

அன்புடன்,
உன் மாமன்