முதல் டெமோ: ஸ்டூடியோ வாசலுக்கு வருமுன்பே முடிக்க வேண்டிய வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பையில் கணபதி, நவராத்திரி மேடைகளில் வாய்ப்புக் கேட்கப் போனால் முதலில் கேட்பது டெமோவை, அதாவது குழுவின் மாதிரிப் பதிவைத்தான். அதனால் தாராவி, ஆன்டாப் ஹில், சயான் கோலிவாடா, செம்பூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் இசைக்குழுக்கள் ஜூன், ஜூலை மழையில்தான் ஸ்டூடியோ தேடி அலைகின்றன. பகலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் எட்டு மணி நேரம் வாடகைக்கு எடுக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் சுருதி சேர்ப்பதிலும், இரண்டாம் சரணத்துக்கு முன் இடையிசை எத்தனை சுற்று என்ற பேச்சிலும், கரகரக்கும் கேபிளைத் தேடுவதிலும் போய்விடுகிறது. கடைசியில் "மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சமாதானம். தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைக் கடைசியில் ஒன்றாகக் கலக்கும் அந்த மிக்ஸிங்கில் சரியாகாத வேலைகள்தான் பெரும்பாலும் இப்படித் தள்ளப்படுகின்றன. அவை எவை, எப்போது முடிக்க வேண்டும் என்று இளம் வாசகர்களுக்காக எழுதுகிறோம்.

ஸ்டூடியோவுக்குப் பத்து நாள் முன்பே ஜாம் ரூமில் (ஒத்திகை அறையில்) எல்லாப் பாட்டையும் முழுதாக வாசித்து ஒரு கைபேசியில் பதிவு செய்யுங்கள். அறையின் நடுவில், காது உயரத்தில், ஸ்டூலில் மடித்த துண்டின் மேல் கைபேசி இருக்கட்டும். பேஸ் கிட்டாரின் ஆம்ப் (ஒலிபெருக்கி) பக்கத்தில் வேண்டாம், உடைந்துதான் கேட்கும். மறுநாள், இசைக்கருவி எதையும் தொடாமல், எல்லோரும் கூடி உட்கார்ந்து கேளுங்கள். பல்லவி எத்தனை முறை, இடையிசை எத்தனை ஆவர்த்தனம், முடிப்பு எந்தத் தட்டில் என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதி ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். செலவே இல்லாத இந்த ஒரு வேலை மிச்சப்படுத்தும் ஸ்டூடியோ நேரம் வேறு எதிலும் கிடைக்காது.

அடுத்தது கட்டை, அதாவது பாடும் சுருதி. கிட்டார்காரர் 'ஈ மைனர்' என்பார், பாடுகிறவர் 'மூணு கட்டை' என்பார். இரண்டும் ஒரே சுருதி என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. கிட்டாரில் கை எளிதாக விழுகிறது என்பதற்காகக் கட்டையை முடிவு செய்கிற குழுக்கள் ஏராளம். பாட்டின் உச்ச சுரத்தைப் பாடகர் ஒத்திகையின் கடைசியில், களைத்த குரலில், முழு அழுத்தத்தோடு மூன்று முறை பாடிக் காட்டட்டும். மூன்றாவது முறை குரல் பிசிறினால் அரைக் கட்டை இறக்குங்கள். பாட்டைத்தான் மாற்ற வேண்டும், தொண்டையை அல்ல.

ஆர்மோனியம் வைத்திருக்கும் குழுக்கள் இங்கே சற்று நின்று படிக்க வேண்டும். சுருதி காட்டும் ட்யூனர்கள் ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்கின்றன. பழைய ஆர்மோனியங்களில் அது 436 ஆகவும் இருக்கலாம், 445 ஆகவும் இருக்கலாம். ரீட்களை (உள்ளே அதிரும் உலோக நாக்குகளை) ஸ்டூடியோவில் உட்கார்ந்து சுரண்டித் திருத்த முடியாது. ஆகவே ஆர்மோனியத்துக்கு மற்றவர்கள் இறங்கி வர வேண்டும். துருத்தியைச் சீராக அழுத்தி ஆறு கட்டையை வாசியுங்கள்; ட்யூனரின் அடிப்படை எண்ணை முள் நடுவில் நிற்கும்வரை மாற்றுங்கள்; அந்த எண்ணுக்குக் கிட்டார், பேஸ், கீபோர்டு எல்லாவற்றையும் சேருங்கள். இதைச் செய்யாத டெமோவில் இரண்டு வாத்தியமும் தனித்தனியே சரியாக இருக்கும், சேரும்போது மட்டும் அலை அலையாக ஆடும். மென்பொருளால் அதை ஒழுங்காகத் தீர்ப்பது கடினம்.

கிட்டார் தந்திகளைப் பதிவுக்கு முதல் நாள் மாற்றி, கையால் இழுத்து இழுத்து நிலைக்கு வரவையுங்கள். பதிவன்று காலையில் மாற்றினால் ஒவ்வொரு டேக்கிலும் (ஒரு முறை வாசித்துப் பதிவது ஒரு டேக்) சுருதி இறங்கிக்கொண்டே வரும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும் அழுத்தி வாசிக்கும் ஒலியும் ஒன்றாக இல்லையென்றால் ரிப்பேர்க் கடைக்குக் கொண்டுபோங்கள். வெளியே புழுக்கம், உள்ளே ஏ.சி. என்பதால் பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் வைத்த பிறகே சுருதி சேருங்கள். பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பேஸ் கிட்டார் என்றால் புது 9 வோல்ட் பேட்டரி, கூட இன்னொன்று.

மும்பை மழையில் அதிகம் பாதிக்கப்படுவது பறை. தோல் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிட்டால் மெல்லிய சிம்புக்குச்சியின் வெடிப்பு செத்துப்போகும், தடித்த அடிக்குச்சியின் ஆழம் மட்டும் மொத்தையாக நிற்கும். ஸ்டூடியோவுக்குள் தீ மூட்ட விடமாட்டார்கள், விடவும் கூடாது. வெளியே காய்ச்சி, துணி சுற்றிய பிளாஸ்டிக் பையில் கொண்டுவாருங்கள். உள்ளே ஹேர் டிரையரை ஓரடி தள்ளிப் பிடித்து, வட்டமாக நகர்த்திக்கொண்டே சூடு கொடுக்கலாம். ஒரே இடத்தில் பிடித்தால் தோல் கிழியும். இரண்டு டேக்குக்கு ஒருமுறை இந்த வேலை வரும் என்று நேரக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மைக்கைப் பறைக்கு நெருக்கி வைக்காதீர்கள். அதன் முதல் அடி ஒலி அளவு காட்டும் மீட்டரை எகிற வைக்கும், கூடவே குச்சியின் சத்தம் தனியாகவும் தோலின் நாதம் தனியாகவும் கேட்கும். இரண்டடி முதல் மூன்றடி தள்ளி வைத்தால்தான் பறை பறையாகக் கேட்கிறது. பின்பக்கத் திறப்பிலும் ஒரு மைக் வைத்தால் கனம் கூடும். ஆனால் தோல் முன்னுக்கு வரும் அதே கணத்தில் பின்னால் காற்று இழுபடுகிறது. அந்த இரண்டாவது மைக்கின் போலாரிட்டியை (அலையின் மேல், கீழ் திசையை)த் திருப்பிப் போடாவிட்டால் ஒன்றை ஒன்று தின்று, இரண்டு மைக்கும் சேர்ந்து ஒரு மைக்கைவிட மெலிந்து கேட்கும். டிரம்ஸில் குச்சியால் அடிக்கும் சிறு டிரம்மான ஸ்னேருக்கு மேலும் கீழும் மைக் வைப்பவர்களுக்கும் இதே விதிதான்.

டிரம்ஸுக்குப் பத்து மைக் தேவையில்லை. காலால் அடிக்கும் கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, மேலே இரண்டு, ஆக நான்கு போதும். மேலே உள்ள இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு மைக் கேபிளை ஸ்னேரின் நடுவில் வைத்து இழுத்து அளந்தால் ஆயிற்று. ஒலி ஒரு மில்லிநொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஒரு மைக் அரை அடி தள்ளியிருந்தாலே ஸ்னேர் ஒரு பக்கம் சாய்ந்து, உள்ளீடற்றுக் கேட்கும். மேல் தோல்கள் புதியதாக இருக்கட்டும். போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கி, ஒவ்வொன்றின் அருகிலும் தட்டிப் பார்த்து ஒரே சுருதிக்குக் கொண்டுவாருங்கள். கிக் பெடலின் கீச்சொலிக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். மேடையில் யார் காதிலும் விழாத அந்தச் சத்தம் மைக்கில் பாட்டு முழுக்க வரும். லோக்கல் ரயிலில் முழு செட்டையும் தூக்கிக்கொண்டு அல்லாட வேண்டியதில்லை. ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மட்டும் உங்களுடையதாக இருந்தால் மற்றவை ஸ்டூடியோவுடையதாகவே இருக்கலாம். காலை நெரிசலுக்கு முன்பே லக்கேஜ் டப்பாவில் வந்துவிடுங்கள்.

ஹெட்போனில் சீராகத் தாளம் தட்டும் க்ளிக் பற்றி ஒரு வார்த்தை. க்ளிக்கோடு பழகாத டிரம்மர் ஸ்டூடியோவில் முதன்முறை அதைக் கேட்டால் வாசிப்பு இறுகிவிடும். வீட்டில் பத்து நாளாவது பழக வேண்டும். மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் போகும் பறை அடிகளுக்கு நான்கு தட்டு க்ளிக்கைப் போட்டுவிட்டுத் தடுமாறுகிறார்கள். ஆறு தட்டாகவோ, ஆறுக்கு இரண்டு தட்டாகவோ மாற்றுங்கள். பல்லவி நிமிடத்துக்கு 96 தட்டு, சரணத்தில் தானாகவே 98க்கு ஏறுகிறது என்றால் அது பிழையல்ல, பாட்டின் இயல்பு; க்ளிக்கையும் அப்படியே ஏற்றி அமைக்கச் சொல்லுங்கள். பாட்டின் கடைசித் தட்டோடு க்ளிக் நிற்க வேண்டும். இல்லையென்றால் சிம்பல் தேய்ந்து அடங்கும் அமைதியில் ஹெட்போனிலிருந்து கசியும் டிக் டிக் மைக்கில் ஏறிவிடும். அந்தச் சிம்பல் முழுதாக அடங்கும்வரை யாரும் மூச்சுக்கூடப் பலமாக விடாதீர்கள். நல்ல டேக்குகள் "சூப்பர்டா!" என்ற சத்தத்தால் வீணாவது மிகவும் வருத்தமான விஷயம்.

கணினியில் பதிவுத் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொண்டால் போதும். உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபெல் அருகில் நிற்கட்டும். சிவப்பு விளக்கு எரிந்த டேக்கில் அலையின் தலை வெட்டுப்பட்டிருக்கும், அது திரும்ப ஒட்டாது. குறைவாகப் பதிவானதைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், 24 பிட்டில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. பதிவின்போது பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 128 சாம்பிளில் இருந்தால் சுமார் 2.7 மில்லிநொடிதான் தாமதம்; 1024 ஆனால் 21. ஆம்பிலிருந்து ஏழு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பது போலக் கை பின்தங்கும், பழி வாசிப்பவர்மேல் விழும். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை மேடையில் வைப்பதைவிடக் குறைத்து வையுங்கள். அதே பகுதியை இரண்டு முறை வாசித்து இடமும் வலமும் போடும்போது அது தானே பெருகும். ஆம்ப் இல்லாமல் நேரடியாக இணைக்கும் டி.ஐ. பெட்டி வழியாக வெறும் கிட்டாரையும் ஒரு தடத்தில் சேர்த்துப் பதிந்தால், பிறகு ஆம்ப் ஒலி பிடிக்காமல் போனாலும் வாசிப்பு கையில் இருக்கும்.

'ம்ம்ம்' என்ற இரைச்சல் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பாதி நேரம் அதுதான். ட்யூப் லைட்டையும் விளக்கு டிம்மரையும் அணையுங்கள். எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து எடுங்கள். அப்போதும் போகாவிட்டால் டி.ஐ. பெட்டியில், ஒலிக் கேபிளின் கிரவுண்ட் இணைப்பை மட்டும் விலக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் இருக்கிறது. எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள், யார் சொன்னாலும். கையில் கிட்டாரும் உதட்டில் மைக்கும் இருக்கும் பாடகரின் உடல் வழியாக மின்சாரம் போக வழி திறப்பது அது. ஈரத் தரையும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

குரலைக் கடைசி மணி நேரத்துக்குத் தள்ளுவது எங்கும் நடக்கிறது. ஏழு மணி நேரம் ஏ.சி.யில் காய்ந்து, மற்றவர்களுக்காக வழிகாட்டுக் குரல் பாடிப் பாடி ஓய்ந்த தொண்டையால் என்ன பாட முடியும்? முடிந்தால் குரலுக்கு வேறொரு நாள், சிறிய அறையாகப் பார்த்து, இரண்டு மணி நேரம் எடுங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம் போதும். 'ப' சொல்லும்போது வரும் காற்று மைக்கை முட்டும். எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இழுத்துக் கட்டி நடுவில் வைத்தாலே தடுத்துவிடலாம். 'ச', 'ஸ' சீறினால் மைக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்புங்கள். பாட்டுத் தாளைக் கையில் பிடித்தால் அதன் சரசரப்பும் பதிவாகும், ஸ்டாண்டில் ஒட்டுங்கள். முழுப் பாட்டாக மூன்று, நான்கு டேக் எடுத்து நல்ல வரிகளைச் சேர்ப்பது, ஒரே வரியை நாற்பது முறை பாடவைப்பதைவிட உயிரோடு இருக்கும்.

வீட்டிலேயே பதிவு செய்பவர்களுக்கு: சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதால் ரயில் சத்தமும் நிற்காது, பக்கத்து வீட்டுக்குப் போகும் உங்கள் சத்தமும் நிற்காது. அதற்குக் கனமான சுவர்தான் வேண்டும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, பாடுபவரின் முதுகுப் பக்கம் கனத்த ரஜாயை (பஞ்சுப் போர்வையை)த் தொங்கவிட்டால் குரலுக்குப் போதும். 10 அடிக்கு 10 அடி அறையில் சுவருக்குச் சுவர் எழும் அதிர்வு 56 ஹெர்ட்ஸ் அருகில் வரும். பேஸ் கிட்டாரின் திறந்த ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் அறையில் முழங்குகிறது என்று மிக்ஸில் பேஸைக் குறைத்துவிட்டால், வெளியே போட்டுக் கேட்கும்போது பாட்டுக்கு அடித்தளமே இருக்காது. ஹெட்போனிலும், கைபேசியின் சிறு ஸ்பீக்கரிலும், தெரிந்தவர் காரிலும் கேட்டு முடிவு செய்யுங்கள். இரவு 10 முதல் காலை 6 மணி வரைக்கான ஒலி விதிகள் உங்கள் டிரம்ஸுக்கும் பொருந்தும்.

டெமோவுக்கு மூன்று பாட்டு போதும், மூன்றும் உங்கள் சொந்தப் பாட்டாக இருக்கட்டும். சினிமாப் பாட்டை மேடையில் பாடுவது வேறு, பதிவு செய்து வெளியிடுவது வேறு. காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 31சி பிரிவின்படி ஒரு பாட்டின் கவர் பதிவை (பிறர் பாட்டை நாம் பாடிப் பதிவதை) எடுக்க, அது முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிய வேண்டும். முன்கூட்டியே அறிவிப்பும் ராயல்டியும் உண்டு. சொந்தப் பாட்டிலும், வரி யாருடையது, மெட்டு யாருடையது என்று அன்றே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் இதை எளிதாக எழுத முடியும்.

ஸ்டூடியோவை விட்டுக் கிளம்புமுன் மிக்ஸ் மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு தடமும் பாட்டின் பூஜ்யப் புள்ளியிலிருந்து தொடங்கும் தனித்தனி வேவ் கோப்புகளாக வேண்டும் என்று கேளுங்கள். 16 தடம், ஐந்து நிமிடப் பாட்டு, ஒரு டேக் என்றால் சுமார் 690 எம்.பி.; மூன்று பாட்டுக்கு மூன்று டேக் வைத்தால் ஆறு ஜி.பி.யைத் தாண்டும். 16 ஜி.பி. பென் டிரைவ் இரண்டு கொண்டுவந்து இரண்டிலும் நகல் எடுத்து, இரண்டு பேர் வீட்டில் வையுங்கள். நகல் எடுக்கும் நேரமும் வாடகையில்தான் ஓடும், அரை மணி ஒதுக்குங்கள். அமைப்பாளர்களுக்கு அனுப்பும்போது 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3 போதும், கோப்பின் பெயரிலேயே குழுவின் பெயர், பாட்டின் பெயர், தொடர்பு எண் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள், கோப்பு பெயரோடும் தரத்தோடும் அப்படியே போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவு, மேடை ஒலி அமைப்பு வேலைகளில் உள்ள தமிழர் சிலர்,
மாட்டுங்கா, மும்பை.