எங்கட காணிக்கு எங்கட கையெழுத்துக் காணும் – மாநாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

திருமணத்தில பெண்களின்ர உரிமைகள் பற்றி யாழ்ப்பாணத்தில மாநாடு வைக்கிற ஏற்பாட்டுக் குழுவுக்கு, பேராசிரியர்மாருக்கு, விரிவுரையாளர்மாருக்கு, வணக்கம்.

நான் படிச்ச ஆள் இல்லை, ஓ.எல். மட்டுந்தான். ஆனா ஒரு நொத்தாரிசு கந்தோரில 22 வருசமா உறுதி, அதாவது காணிப் பத்திரம், டைப் பண்ணிக்கொண்டு இருக்கிறன். விற்பனை உறுதி, நன்கொடை உறுதி, சீதன உறுதி, ஈடு எண்டு எத்தினை ஆயிரம் அடிச்சிருப்பன் எண்டு கணக்கில்லை. உங்கட மாநாட்டு அறிவித்தலை மகள் போனில காட்டினவ, ரெண்டு தரம் வாசிச்சன், அதுக்குப் பிறகுதான் இதை எழுதோணும் எண்டு வந்தது.

நீங்கள் போட்டிருக்கிற தலைப்புகள் எல்லாம் தேவையானது. வீட்டு வன்முறைச் சட்டம் 2005இல வந்தும் பொம்பிளையள் பொலிசுக்குப் போகப் பயப்பிடுறது, புருஷன் பலவந்தம் செய்தா கோட்டால பிரிஞ்சிருந்தாத்தான் அது குற்றம் எண்டு தண்டனைச் சட்டத்தில இருக்கிறது, 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தை மாத்தச் சொல்லி முஸ்லிம் சகோதரிகள் இவ்வளவு காலமா நிண்டு போராடுறது, எல்லாம் கதைக்கத்தான் வேணும். அவைக்கு 2009இல ஒரு குழு போட்டு அறிக்கை 2018இலதான் வந்தது, அந்தப் பொறுமைக்கே கும்பிடோணும். ஆனா மாநாடு நடக்கிறது யாழ்ப்பாணத்தில, யாழ்ப்பாணத்துக் கலியாணம் கட்டின பொம்பிளையின்ர கையைக் கட்டி வைச்சிருக்கிற தேசவழமையை, யாழ்ப்பாணத் தமிழரின்ர சொத்து வழமைச் சட்டத்தை, பற்றி ஒரு அமர்வும் இல்லை. அதுதான் என்ர மனவருத்தம்.

உங்களுக்குத் தெரியாத சட்டம் இல்லை, இருந்தாலும் எங்கட கந்தோர் மேசையில அது எப்பிடி நடக்குது எண்டு சொல்லுறன். ஒரு பொம்பிளை தன்ர காணியை விக்க வருவா. தாய் தேப்பன் சீதனமாக் குடுத்த காணி, உறுதி அவவின்ர பேரில, தோட்டம் கொத்தினது அவ, சோலைவரி கட்டினது அவ. நாங்கள் கேக்கிற முதல் கேள்வி, "அவர் வந்திருக்கிறாரோ?" எண்டுதான். புருஷன் வந்து சம்மதம் எண்டு கையெழுத்து வைக்காட்டி உறுதி எழுத ஏலாது. 1911ஆம் ஆண்டு 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமை கட்டளைச் சட்டத்தின்ர 6ஆம் பிரிவு அப்பிடித்தான் சொல்லுது. நகைநட்டு, காசு, மாடு எண்டா அவ தன்ர எண்ணத்துக்கு விக்கலாம். காணி, வீடு எண்டா மட்டும் புருஷன்ர எழுத்து மூலமான சம்மதம் வேணும். அதே பிரிவில, மரணசாதனம் எழுதிறதுக்குச் சம்மதம் தேவையில்லை எண்டும் இருக்கு. செத்த பிறகு ஆருக்குப் போகோணும் எண்டு அவ தனிய முடிவெடுக்கலாமாம், உயிரோட இருக்கேக்க பிள்ளையின்ர படிப்புக்கு ஒரு பரப்பு விக்க ஏலாதாம். ஆம்பிளை ஒருத்தர் தன்ர முதுசக் காணியை, பரம்பரையா வந்த காணியை, விக்க வந்தா "அவ வந்திருக்கிறாவோ?" எண்டு இந்த 22 வருசத்தில நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, சட்டம் கேக்கச் சொல்லேல்லை.

வெளியாலயும் ஒருக்காப் பாருங்கோ. 1923இலயே கலியாணம் கட்டின பெண்களின்ர ஆதனத்துக்கு ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்து, பொதுச் சட்டத்துக்கு கீழ இருக்கிற பொம்பிளைக்கு அவவின்ர சொத்தை அவவே விக்கலாம் எண்டு சொல்லிப்போட்டினம். வடமாகாணத் தமிழ்ப் பொம்பிளையை அதில இருந்து வெளிய விட்டவை. நூறு வருசம் தாண்டியிட்டுது. மட்டக்களப்புப் பிள்ளை ஒண்டு தன்ர ஊர்ப் பெடியனைக் கட்டினா தன்ர காணியைத் தானே விப்பா, அவ யாழ்ப்பாணத்துப் பெடியனைக் கட்டினா அந்தக் கலியாணம் இருக்கும்வரை அவவும் தேசவழமைக்குக் கீழ வாறா. பொம்பிளைக்கு எந்தச் சட்டம் எண்டு தீர்மானிக்கிறதும் புருஷன் ஆர் எண்டதுதான், அந்த 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்ர 3ஆம் பிரிவு.

என்ர கதையையும் சொல்லுறன். எனக்குச் சீதனமாத் தந்தது ஒரு கல்வீடும் மூண்டு பரப்புக் காணியும். 2011இல கூரை திருத்த வங்கியில ஈடு வைக்கப் போனன், அவரை வரச் சொல்லிச்சினம். என்ர மனுசன் நல்லவர், வேலைக்கு லீவு போட்டு வந்து கையெழுத்து வைச்சார், ஒரு கேள்வி கேக்கேல்லை. ஆனா அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்லை, ஏனெண்டா மற்றப் பக்கத்தில டைப் பண்ணுற ஆளா இருக்கேக்க தெரியாதது கையெழுத்துக்குக் காத்துக்கொண்டு இருக்கேக்க தெரிஞ்சுது. இவர் மாட்டன் எண்டு சொல்லியிருந்தா நான் என்ன செய்திருப்பன்?

மாட்டன் எண்டு சொல்லுற ஆக்கள் கனபேர். ஒரு தங்கச்சியின்ர புருஷன் வெளிநாட்டில, அங்க வேற குடும்பமும் இருக்கு. இவ இஞ்ச ரெண்டு பிள்ளையளோட. காணியில பாதியை விச்சு மூத்தவளின்ர படிப்பைப் பாக்கப்போறன் எண்டு கேட்டதுக்கு, "அற்றோணிப் பவர் அனுப்புறன், வித்த காசில பாதி எனக்கு" எண்டு சொன்னவராம். இன்னொருத்தர், "தாபரிப்பு வழக்கைத் திருப்பி எடு, கையெழுத்து வைக்கிறன்" எண்டவர். இதை ஒரு அமர்விலயாவது எடுத்துக் கதையுங்கோ, ஏனெண்டா இது வெறும் காணிப் பிரச்சினை இல்லை, அடிக்கிற புருஷனை விட்டு வெளிய வாறதுக்கு ஒரு பொம்பிளைக்கு இருக்கிற ஒரே முதல் அந்தக் காணி தான், அதின்ர திறப்பு அவன்ர கையில. வீட்டு வன்முறை எண்டு நீங்கள் தனியாப் போட்டிருக்கிற தலைப்புக்கு உள்ளேயே இது கிடக்கு.

கோட்டுக்குப் போகலாமே எண்டு சட்டத்தரணிமார் சொல்லுவினம். ஓம், அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில 8ஆம் பிரிவு இருக்கு. புருஷன் கைவிட்டுப் போனா, எங்க இருக்கிறார் எண்டு தெரியாட்டி, நியாயம் இல்லாமச் சம்மதம் தராட்டி மாவட்ட நீதிமன்றத்தில மனுப் போட்டு அனுமதி எடுக்கலாம். அதுக்குச் சட்டத்தரணிக் காசு, தவணை, தவணைக்கு பஸ் காசு, அண்டைக்கு இல்லாமப் போற நாள் சம்பளம். அதுக்குள்ள காணி வாங்க வந்தவர் வேற காணி வாங்கிப்போடுவார். எல்லாத்துக்கும் மேல, தன்ர காணியை விக்க ஏன் விரும்புறன் எண்டு ஒரு பொம்பிளை நீதிபதிக்கு முன்னால நிண்டு காரணம் சொல்லோணும்.

இனி சொல்லப்போறதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைச்சது. கிளிநொச்சிப் பக்கத்து அக்கா ஒராள். 2009 மே மாசம் சண்டை முடியேக்க முல்லைத்தீவு வட்டுவாகலில புருஷனைத் தன்ர கண்ணுக்கு முன்னால ஆமியிட்ட ஒப்படைச்சவ. 2017 பெப்ரவரியில கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்டவையின்ர உறவுகள் போராட்டம் தொடங்கினதில இருந்து கொட்டிலில படத்தோட இருந்த ஆக்களில ஒராள். அவவின்ர சீதனக் காணி இஞ்சால, கோப்பாய்ப் பக்கம் ரெண்டு பரப்பு. மகனுக்கு வருத்தம், விக்க வந்தவ. நான் வழமையா கேக்கிற கேள்வியைக் கேட்டுப்போட்டன், "அவர் வந்திருக்கிறாரோ அக்கா?" எண்டு. கேட்ட பிறகுதான் மடியில இருந்த படத்தைக் கண்டன். அவ ஒண்டும் பேசேல்லை. கொஞ்ச நேரத்தால சொன்னா, "இருக்கிறார் எண்டா கையெழுத்துக் கேக்கிறியள் பிள்ளை, இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வருதில்லை."

மரணச் சான்றிதழ் எடுத்தா விதவை, கையெழுத்துத் தேவையில்லை, காணி உடன விக்கலாம். ஆனா அந்தக் கடதாசியில கையெழுத்து வைச்சா அவர் செத்திட்டார் எண்டு அவவே எழுதிக் குடுத்த மாதிரி, பேந்து ஆரிட்டப் போய் எங்க என்ர புருஷன் எண்டு கேக்கிறது? 2016இல சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனதுக்கு எண்டு தனியா ஒரு சான்றிதழ் கொண்டுவந்தவை, மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இல்லாதவைக்கு அது ஒரு ஆறுதல் தான், ஆனா 6ஆம் பிரிவின்ர வசனம் அப்பிடியே கிடக்கு. புருஷனைத் தேடுறதா, பிள்ளைக்கு மருந்து எடுக்கிறதா எண்டு ஒரு தாயைத் தெரிவு செய்யச் சொல்லுற சட்டம் எங்கட சட்டம் எண்டு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு.

தேசவழமையில கை வைச்சா எங்கட அடையாளம் போயிடும் எண்டு சொல்லுவினம், உங்கட மண்டபத்திலயும் ஒராள் எழும்பிச் சொல்லுவார். அவருக்கு மரியாதையாச் சொல்லுறன். 1707இல ஒல்லாந்தர் காலத்தில கிளாஸ் ஐசாக்ஸ் எண்ட ஒல்லாந்த அதிகாரி எழுதித் தொகுத்து, ஊர்த் தலைமைக்காரரா இருந்த 12 முதலியார்மாரிட்டக் காட்டி ஓம் எண்டு வாங்கின வழமை இது. அந்தப் பன்னிரண்டு பேரும் ஆம்பிளையள். 6ஆம் பிரிவு வந்த 1911ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளைக்காரன்ர காலத்தில போட்டது, 1947இல திரும்பவும் திருத்தினவை. மூண்டு தரம் கை வைச்சும் அடையாளம் போகேல்லைத்தானே. எனக்கும் தேசவழமையில விருப்பம் இருக்கு. தேடிய தேட்டத்தில, அதாவது கலியாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்தில, ஒராள் செத்தா மிச்சமா இருக்கிறவருக்குப் பாதி எண்டது, புருஷன்ர கடனுக்கு மனுசியின்ர சீதனத்தைத் தொட ஏலாது எண்டது, இதெல்லாம் நல்ல வழமை, இருக்கட்டும். காணி வெளி ஆக்களிட்டப் போயிடும் எண்டு பயப்பிடுறவைக்கு முன்வாங்கல் உரிமை, பங்காளி உறவுக்காரர் முதல்ல வாங்கிற உரிமை, தனிச் சட்டமா இருக்கு, அதைத் தொடச் சொல்லி நான் கேக்கேல்லை. 6ஆம் பிரிவில நிலையான சொத்துக்குப் புருஷன்ர எழுத்துச் சம்மதம் வேணும் எண்ட அந்த அரை வரியை எடுங்கோ எண்டுதான் கேக்கிறன்.

அரசியலமைப்பின்ர 12ஆம் உறுப்புரை ஆண், பெண் பாகுபாடு காட்டக்கூடாது எண்டுது, 16ஆம் உறுப்புரை பழைய சட்டமெல்லாம் அப்பிடியே செல்லும் எண்டுது. அதால கோட்டுக்குப் போய் இதை உடைக்கிறது கஷ்டம், பாராளுமன்றத்தாலதான் மாத்தலாம். பாராளுமன்றத்தில இருக்கிற எங்கட ஆக்கள் நான் சொன்னாக் கேக்காயினம், நீங்கள் பேராசிரியர்மார் சேர்ந்து எழுதினா ஒருக்காவாவது வாசிப்பினம். கடைசி நாள் தீர்மானத்தில இதை ஒரு வரியாச் சேருங்கோ, திருத்தத்தின்ர வாசகத்தை எழுதியே குடுங்கோ.

இன்னொண்டு, இந்த அமர்வைத் தமிழில வையுங்கோ. ஆங்கிலத்தில கட்டுரை வாசிச்சா அந்த அக்காவைப் பற்றி அவவுக்கு முன்னாலயே அவவுக்கு விளங்காமக் கதைக்கிறதா முடியும்.

நான் ரெண்டு நாளும் லீவு எடுத்து வருவன், அந்த அக்காவோடயும் கதைச்சிட்டன், அவவும் வாறன் எண்டிட்டா. மகனைப் பாக்க வேற ஆக்கள் இல்லை, பின்னேர பஸ்ஸைப் பிடிச்சு அவ திரும்பிப் போகோணும், அதால அவ கதைக்கிற நேரத்தை மத்தியானத்துக்கு முதல் வைச்சுத் தாங்கோ.

இப்படிக்கு,
உறுதி அடிக்கிற ஒரு பொம்பிளை, யாழ்ப்பாணம்