ஓய்வெடுத்தால் கூடுகிற வலி

அன்புள்ள ஹேமா,

நீ எழுதியதைப் படித்தேன். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி, உன் பையன் ஒருவழியாக சைக்கிள் ஓட்டிவிட்டான் என்பதில் அதைவிடச் சந்தோஷம். தண்ணீர் லாரிக்கு நீங்கள் காத்துக் கிடக்கிற கதையை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன், திண்டுக்கல்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு கதையா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதெல்லாம் சரி, இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசியில் போகிற போக்கில் ‘ரெண்டு மாதமாக முதுகு வலி, உனக்கு வந்த அதே நோயாக இருக்குமோ’ என்று ஒரு வரி போட்டிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தப் பதில். எனக்கு என்னென்ன நடந்தது என்று முழுசாக உனக்குச் சொன்னதே இல்லை. போனில் சொன்னால் நடுவில் நீ பேச ஆரம்பித்துவிடுவாய், அதனால் எழுதிவிடுகிறேன்.

எனக்கு இது தொடங்கியபோது பாப்பாவுக்கு ஒரு வயது, எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. சிசேரியன் ஆனவள் முதுகு வலி என்று சொன்னால் நம் ஊரில் அடுத்த கேள்வியே கிடையாது, தெரியுமில்லையா? முதுகில் ஊசி போட்டார்களே, அதுதான். அம்மா சொன்னாள், அத்தை சொன்னார், ஸ்டாஃப் ரூமில் அத்தனை பேரும் சொன்னார்கள், நான் முதலில் பார்த்த டாக்டரே ‘அந்த ஊசி போட்டா அப்படித்தாம்மா’ என்றார். குத்திய இடம் சில நாள் வலிப்பது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் மருந்து ஏற்றிக்கொண்டவர்களையும் ஏற்றாதவர்களையும் வைத்துப் பார்த்து, நாள்பட்ட முதுகு வலிக்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள். பிள்ளை பெற்றவர்களில் நிறையப் பேருக்கு ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் முதுகு வலிக்கத்தான் செய்கிறது. இந்த ஊசிக் கதை மேல் எனக்கு இருக்கிற கோபம், அது வேறெதையும் தேட விடாது என்பதுதான். காரணம் தெரிந்துவிட்டது, இனி பொறுத்துக்கொண்டு போ, அவ்வளவுதான்.

வீட்டு வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அத்தை வாரம் தவறாமல் உளுந்தங்களி கிண்டினார், நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுத்தார், இவர் கொல்லிமலைப் பக்கம் போனபோது முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி வந்து சூப் வைத்தார்கள். ஒத்தடத்துக்கு அப்புறம் ஒரு மணி நேரம் சுகமாக இருக்கும், சூப் ருசியாக இருக்கும். வலி அது பாட்டுக்கு இருந்தது.

டாக்டர்களிடம் போனால் தேய்மானம். ஸ்கேன் எடுத்தால் எல்4-எல்5ல், அதாவது கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவில், ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருக்கிறது. இடுப்புக்கு பெல்ட், பிசியோதெரபியில் கரண்ட் வைப்பது, ‘குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க, நல்லா ரெஸ்ட் எடுங்க’. இந்த ரெஸ்ட்தான் ஹேமா, எனக்கு விஷமாக இருந்தது. கோடை விடுமுறையில் படுத்தே கிடந்த வருடம்தான் ரொம்ப மோசம். ராத்திரி படுத்தவுடன் ஒன்றும் தெரியாது, மூன்று நான்கு மணிக்கு வலியே தட்டி எழுப்பிவிடும், புரண்டு படுக்கக் கட்டில் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். விடிந்து எழுந்தால் உடம்பு காய்ந்த கருவாடு மாதிரி விறைத்துக் கிடக்கும், பல் தேய்க்க வாஷ்பேசின் பக்கம் குனிய முடியாது. ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். அப்புறம் நடந்து, பஸ் ஏறி, பள்ளிக்கூடம் போய் முதல் பீரியடில் நின்று பாடம் எடுத்து முடிக்கும்போது பாதி வலி போயிருக்கும். மதியம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பேப்பர் திருத்தினால் திரும்பவும் பிடித்துக்கொள்ளும்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது, யோசித்துப் பார். வீட்டில் வேலை குவிகிற நேரம் காலை ஐந்தரையிலிருந்து எட்டு. என்னால் அசையவே முடியாத நேரமும் அதேதான். பத்து மணிக்கு நான் பள்ளியில் விறுவிறுவென்று நடக்கிறேன். அப்படியென்றால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? சட்னி அரைக்கிற நேரத்துக்கு மட்டும் வருகிற வலி. அத்தை வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, அது அவர் பெருந்தன்மை, ஆனால் விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கே சில நாள் சந்தேகம் வந்துவிடும், சோம்பேறித்தனமோ, மனசுதான் சரியில்லையோ என்று. இவ்வளவுக்கும் அந்த நேரக்கணக்கில்தான் நோயின் பெயரே ஒளிந்திருந்தது. எந்த டாக்டரும் எங்கே வலிக்கிறது என்று கேட்டார்களே தவிர, எப்போது வலிக்கிறது, எதில் குறைகிறது என்று கேட்கவில்லை.

கேட்டது யார் தெரியுமா, ஒரு கண் டாக்டர். ஒருநாள் இடது கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்த்தால் ஊசியால் குத்துவது மாதிரி வலி. மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து போட்டுப் பார்த்தோம், பீளையே இல்லை, வலி மட்டும் ஏறியது. மதுரைக்கு ஓடினோம். அந்த அம்மா விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு யுவைடிஸ், கண்ணுக்குள்ளே அழற்சி என்றார், உடனே அடுத்த கேள்வி, ‘காலையில் முதுகு விறைப்பா இருக்குமா?’ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குதிகால் வலிக்குமா என்றும் கேட்டார். குதிகால் வலிக்கு நான் தனியாக மெத்தென்ற எம்.சி.ஆர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்! கண், குதிகால், முதுகு மூன்றும் ஒரே நோய் என்று எனக்கு எப்படித் தெரியும்? மூன்றுக்கும் மூன்று டாக்டர், மூன்று ஃபைல். அவர்தான் ருமட்டாலஜிஸ்டை, அதாவது மூட்டு அழற்சி நோய்களுக்கான டாக்டரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்படி ஒரு பிரிவு இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலேயே அதற்குத் தனித்துறை இருக்கிறதாம், யாராவது கேட்டால் சொல்லு.

ருமட்டாலஜிஸ்ட் முதலில் ஸ்கேனைத் தொடவே இல்லை. நாற்பது வயதுக்கு முன்னால் ஆரம்பித்ததா, மெல்ல மெல்ல வந்ததா, பின்னிரவில் எழுப்புமா, நடந்தால் குறையுமா, பிட்டத்தில் ஒரு நாள் இந்தப் பக்கம் ஒரு நாள் அந்தப் பக்கம் என்று மாறி மாறி வலிக்குமா, இப்படியே கேட்டுக்கொண்டு போனார், எனக்கு ஜோசியரிடம் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் இடுப்புக்கு மேலே பேனாவால் 10 செ.மீ. அளந்து இரண்டு கோடு போட்டு, குனியச் சொல்லித் திரும்ப அளந்தார். நல்ல முதுகாக இருந்தால் அது நாலைந்து செ.மீ. நீள வேண்டுமாம். எனக்கு இரண்டுதான் நீண்டது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற சி.ஆர்.பி. கொஞ்சம் கூடுதல் (இந்த நோய் இருந்தும் நிறையப் பேருக்கு அது நார்மலாகவே வருமாம்), இந்த நோயோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. பி27 என்கிற மரபணு பாசிட்டிவ். பிறகு எம்.ஆர்.ஐ., ஆனால் இந்த முறை எஸ்.ஐ. ஜாயின்டுக்கு, அதாவது முதுகுத்தண்டு வந்து இடுப்பெலும்போடு சேருகிற மூட்டுக்கு. முன்னால் எடுத்ததெல்லாம் அதற்கு மேலே இருக்கிற எலும்புகளுக்கு. எலும்புக்குள்ளே அழற்சி இருந்தால் வெள்ளையாகத் தெரிகிற மாதிரி ஒரு தனி வகையில் எடுத்தார்கள், இரண்டு பக்கமும் வெள்ளை. எக்ஸ்ரேயில் இது தெரிய வருடக்கணக்கில் ஆகும், அதற்காகக் காத்திருந்தால் மூட்டு கெட்ட பிறகுதான் தெரியும் என்றார்.

பெயர் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே, முக்கியமாகத் தசைநார் எலும்போடு ஒட்டுகிற இடங்களைத் தாக்குகிறது, அதைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி மூங்கில் கழி மாதிரி ஆகிவிடும். எக்ஸ்ரே பார்க்கிறவர்கள் அதற்கு வைத்திருக்கிற பெயரே மூங்கில் முதுகுதான். ஆண்களுக்கு வருகிற நோய் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தார்களாம், அதனாலேயே பெண்களுக்குக் கண்டுபிடிக்க இன்னும் தாமதமாகிறது. பெயரைக் கேட்டதும் அழுதிருப்பேன் என்று நீ நினைப்பாய். இல்லைடி, வெளியே வந்து இவரிடம் ‘பாத்தீங்களா, நிஜமாவே வலிச்சிருக்கு’ என்றேன்.

மருந்து சமாச்சாரம் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் வலி மாத்திரையையே முழு அளவில், தினமும், சில வாரம். வலிக்கும்போது மட்டும் போட்டுக்கொள்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது, இந்த நோயில் அது அழற்சியையே குறைக்கும், சிலருக்கு அதுவே போதுமாம். எனக்குப் பாதிதான் கேட்டது, வயிறும் கெட்டது. அடுத்து அடலிமுமாப் என்கிற ஊசி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தோலுக்கு அடியில் நானே போட்டுக்கொள்கிறேன். அது எதிர்ப்புச் சக்தியை அடக்குவதால் உள்ளே உறங்குகிற டிபி எழுந்துகொள்ளலாம் என்று முன்னாடியே சோதித்தார்கள், நம் நாட்டில் இதைத் தவிர்க்கவே முடியாது. எனக்குக் கையில் போட்ட டெஸ்டில் தடித்துவிட்டது, அதனால் டிபி மாத்திரை கொஞ்ச காலம் சாப்பிட்ட பிறகுதான் ஊசி. விலையைக் கேட்காதே. இதே மருந்தின் இந்தியத் தயாரிப்பு 2014 கடைசியில் வந்ததால்தான் எங்களைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்கவாவது முடிகிறது. இவர் கம்பெனி இன்சூரன்ஸில் ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் தருவார்கள், வீட்டில் போடுகிற ஊசிக்குத் தர மாட்டார்கள். அது என்ன நியாயமோ. இப்போது நன்றாக இருப்பதால் இடைவெளியை மூன்று வாரமாக்கிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், எங்கள் வீட்டில் அது தீபாவளி போனஸ் மாதிரி.

முழுசாகப் போய்விட்டதா என்றால் இல்லை. மழை நாளில், தூக்கம் கெட்ட வாரத்தில், எட்டிப் பார்க்கும். ஆனால் கோலம் போடுகிறேன். காலையில் விறைப்பு பத்து நிமிஷத்தில் விட்டுவிடுகிறது. பாதி வேலை ஊசி செய்கிறது, மீதி நான்தான் செய்ய வேண்டும் என்கிறார் பிசியோதெரபி பெண், இவர் கரண்ட் வைக்கிற ரகமில்லை. தினமும் குப்புறப் படுத்துக் கொஞ்ச நேரம், சுவரோடு தலை ஒட்ட நிற்பது, நெஞ்சு விரியும்படி மூச்சு இழுப்பது, மாலையில் நடை. நீச்சல் ரொம்ப நல்லது என்றார்கள், பெண்கள் கூச்சமில்லாமல் நீந்த எனக்கு இங்கே எங்கே இடம் இருக்கிறது, சொல்லு. அம்மா ஊர்க் கிணறு இருந்தது, அதில் இப்போது தண்ணீர் இல்லை.

பாப்பாவுக்கும் பி27 டெஸ்ட் எடுத்துவிடுங்கள் என்று நாத்தனார் ஒரே பிடிவாதம். டாக்டர் வேண்டாம் என்றார். என்னிடமிருந்து அது அவளுக்குப் போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆனால் பி27 இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. 1973லேயே இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனாலும் அதை மட்டும் வைத்து யாருக்கு வரும் என்று சொல்ல முடியாது. எதற்கு அந்தக் குழந்தை தலையில் ஒரு காகிதத்தைக் கட்டித் தொங்கவிட வேண்டும்?

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை, ஆனால் நீ எழுதியதைப் பார்த்தால் என் வலிக்கு நேர் எதிராக இருக்கிறது. காலையில் நன்றாக எழுந்திருக்கிறாய், லேப்டாப் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து சாயங்காலம் வலிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை படுத்தால் தேவலை என்கிறாய். முதுகு வலியில் பெரும்பாலானது இந்த ரகம்தான். அதற்காக என் ஊசியையும் என் டெஸ்டையும் கேட்டுக்கொண்டு போய் நிற்காதே. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் எதைத் தேடி என்று கேள். நம் வயதில் வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்தால்கூடப் பாதிப் பேருக்கு ஜவ்வு பிதுங்கித் தெரியுமாம், 2015ல் நிறைய ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய பிறகு நீ குனியவே பயப்படுவாய், நான் பட்டிருக்கிறேன். நட, எழுந்து எழுந்து உட்கார், ஆபீஸில் அந்த நாற்காலியை மாற்றச் சொல்.

ஆனால் கால் மரத்துப்போனாலோ பலம் குறைந்தாலோ, ஒன்றுக்கு ரெண்டுக்குப் போவதில் கட்டுப்பாடு தவறினாலோ, தொடை நடுவில் உணர்ச்சி இல்லாமல் போனாலோ, ஒரு நாள்கூடத் தள்ளாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. முதுகு வலியோடு காய்ச்சல், எடை குறைவது என்றாலும் விடாதே, முதுகெலும்பில் டிபி வருவது நம் பக்கம் அபூர்வம் இல்லை. இன்னும் ஒரு மாதத்தில் குறையவில்லை என்றால் டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஒரு வாரம் குறித்து வை, எத்தனை மணிக்கு வலித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய், எதில் விட்டது என்று. அவர் கேட்காவிட்டாலும் நீயே எடுத்து நீட்டு.

அப்புறம், உஷா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நீ வருகிறாயா இல்லையா? வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமையே வந்துவிடு, சனி காலை இரண்டு பேரும் மலைக்கோட்டை ஏறுவோம், யார் முதலில் உட்காருகிறார்கள் என்று பார்க்கலாம். பாப்பாவுக்கு அந்த பெங்களூர் பேக்கரி ரஸ்க் வேண்டுமாம், இரண்டு பாக்கெட்.

அன்புடன்,
செல்வி