இரண்டாம் ஆண்டுப் பாடத்தை முதல் வாரமே தொடங்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்துப் பதினைந்து வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படிக்க வரும் சிஸ்டர்களைப் பற்றி எழுதுகிறேன். டிப்ளமோ நர்சிங் முடித்தவர்களுக்கான இரண்டு வருடப் படிப்பு இது. நடுராத்திரியில் ஒருவர் மூச்சுத் திணறலோடு வந்தால் டாக்டர் வருவதற்குள் ஆக்சிஜன் வைத்துத் தயாராக நிற்பவர்கள், முதல் அசைன்மென்ட் கொடுத்ததுமே ஒடுங்கிப்போவதை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். 'வயதாகிவிட்டது, இனி படிப்பு ஏறாது' என்று சிலர் சொல்லும்போது கோபம்தான் வருகிறது.

வார்டு ரெக்கார்டில் நேரத்தைப் போட்டு, பார்த்ததையும் செய்ததையும் சுருக்கமாக எழுதினால் போதும். கல்லூரியில் ஏன் செய்தோம் என்பதற்குத்தான் மார்க். படுக்கைப் புண் வராமலிருக்க நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது எந்த சிஸ்டருக்கும் தூக்கத்திலும் தெரியும், ஆனால் மூன்று மணி நேரம் ஏன் கூடாது என்று கேட்டால் 'அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க மேடம்' என்பார்கள். அமெரிக்கா, கனடா முதியோர் இல்லங்களில் இதையே சோதித்துப் பார்த்து 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. நல்ல ஃபோம் மெத்தையில் படுத்திருந்தவர்களுக்கு 2, 3, 4 மணி நேரம் எதுவானாலும் புண் வருவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது அது. இதைச் சொன்னால் 'நம்ம வார்டில் ரெக்சின் மெத்தைதானே, இது எப்படி மேடம் பொருந்தும்?' என்று உடனே கேட்பார்கள். பிளஸ் டூ முடித்து நேரே வந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி அவ்வளவு சீக்கிரம் தோன்றாது. இவ்வளவு நல்ல கேள்வியைத் தாளில் எப்படி எழுதுவது, யார் சொன்னதை எங்கே குறிப்பிடுவது, ஆய்வுக் கட்டுரையில் எதை முதலில் படிப்பது என்று யாரும் உட்கார்ந்து காட்டாததால், பாவம், இணையத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்லித் தரும் நர்சிங் ஆராய்ச்சியும் புள்ளியியலும் பாடத்திட்டத்தில் இரண்டாம் ஆண்டில்தான் வருகின்றன. அசைன்மென்டோ முதல் மாதமே வந்துவிடுகிறது. அதுவரை என்ன செய்வார்கள்?

பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிகளுக்கும் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. முதல் இரண்டு வாரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒரே ஒரு கட்டுரையை எல்லோரும் சேர்ந்து வரி வரியாகப் படிக்கட்டும், புரியாத இடத்தைத் தமிழில் பேசிப் புரிந்துகொள்ளட்டும், அப்புறம் தன் வார்டில் பார்த்த ஒரு நோயாளியை வைத்து ஒரு பக்கம் எழுதட்டும். அதற்கு மார்க் போடாமல், சிவப்பு மையில் திருத்தி, திரும்ப எழுதச் சொல்லிக் கொடுங்கள். நூலகத்தையும் சாயங்காலம் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வையுங்கள். வீட்டுக்குப் போய்விட்டால் சமையலும் பிள்ளைகளின் ஹோம்வொர்க்கும் போக இவர்களுக்குப் படிக்க நேரம் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்சிங் ஆசிரியை,
திருச்சி