கயலுக்கு, மணல் படம் பற்றி

அன்பு மகள் கயலுக்கு,

கண்ணாடி மேசையில் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் ஒரு படமாக எடுத்துக் கோக்கும் உன் மணல் அனிமேஷனுக்கு நீ அனுப்பிய ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரிசையாக வரைந்த தாள்) வந்தது. அணையில் திறந்துவிட்ட தண்ணீர் காய்ந்து கிடக்கும் வைகை மணலில் ஊர்ந்து ஊர்ந்து மதுரைக்கு வருவது, அவ்வளவுதான் படம். ஆள் இல்லை, வசனம் இல்லை, மணலைத் தவிர வேறு பொருள் இல்லை. யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, தாயி. நீளம்தான் இடிக்கிறது.

மூன்று நிமிடம் என்று எழுதியிருக்கிறாய். விநாடிக்கு 24 ஃப்ரேம், ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படம். மூன்று நிமிடத்துக்கு 2160 படம். மணலில் பழகிய கைக்கே ஒரு நாளைக்கு ஐந்து விநாடி வந்தால் நல்ல வேகம். உன் ஆறு வார லீவில் ஞாயிறு போக 36 நாள். ஐந்தால் பெருக்கினால் சரியாக 180 விநாடி வரும். காகிதத்தில்தான் வரும். வெளிச்சம் சரிபார்க்க ஒரு வாரம் போகும், கெட்டுப்போன ஷாட்டைத் திரும்ப எடுக்க இன்னொரு வாரம் போகும். 90 விநாடிக்குத் திட்டமிடு. 1080 படம். அதை ஒழுங்காக முடித்தால் போதும்.

இன்னொன்றையும் மனதில் வை. உன் கம்பெனியில் ஒருவர் கீ ஃப்ரேம் (அசைவின் முக்கியப் படங்கள்) போடுவார், நடுப் படங்களை இன்னொருவர் நிரப்புவார், தப்பு வந்தால் ஒரு லேயரை, அதாவது ஒரு அடுக்கை மட்டும் மாற்றிக்கொள்வீர்கள். மணலில் லேயர் கிடையாது. அடுத்த படம் வேண்டுமானால் இருக்கிற படத்தைக் கலைத்தாக வேண்டும். முதலில் இருந்து கடைசி வரை ஒரே போக்கில் போகிற வேலை. நாற்பதாவது படத்தில் கோணல் தெரிந்தால் முப்பதாவதுக்குத் திரும்ப வழியில்லை, கோணலையே அடுத்த அசைவாக மாற்றத் தெரிய வேண்டும். அதனால் ஸ்டோரிபோர்டை மைல்கல்லாக மட்டும் வைத்துக்கொள், அச்சாக வைக்காதே.

அனிமேஷன் இயக்குநர் கரோலின் லீஃப் படங்களை வரிசையாகப் பார். ‘தி ஔல் ஹூ மேரீட் எ கூஸ்’ 1974, மணல். ‘தி ஸ்ட்ரீட்’ 1976, கண்ணாடிமேல் காயாத சாயம். ‘தி மெட்டமார்ஃபஸிஸ் ஆஃப் மிஸ்டர் சாம்ஸா’ 1977, மறுபடியும் மணல். காட்சியை வெட்டாமல், ஒன்று உருகி இன்னொன்றாக மாறுவதிலேயே அவர் கதையை நகர்த்துவார். அது அலங்காரத்துக்காகச் செய்தது இல்லை. கலைத்துத்தான் வரைய முடியும் என்ற பொருளின் குணமே படத்தின் இலக்கணமாகிவிட்டது. கோ ஹூட்மனின் ‘தி சாண்ட் காஸில்’ 1977-இல் வந்தது, ஆஸ்கர் வாங்கியது. அதில் மணல் பூசிய பொம்மைகள் மணல் மேட்டில் நடமாடும். உன் வேலை அந்த வழி இல்லை, ஆனால் மணல் சரிவதையும் காற்று அதை அரிப்பதையும் கவனிக்க அந்தப் படம் உதவும். இவர்கள் இருவரும் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் வேலை செய்தவர்கள். வாரியத்தின் இணையதளத்தில் பல படங்களை இலவசமாகப் பார்க்கலாம்.

இனி தண்ணீர். உன் ஸ்டோரிபோர்டில் தண்ணீரைக் கறுப்புக் கோடுகளாக வரைந்திருக்கிறாய். கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் மேசையில் அது எடுபடாது. அங்கே மணல்தான் இருட்டு, மணல் இல்லாத இடம்தான் வெளிச்சம். ஆகவே தண்ணீரை நீ வரையப் போவதில்லை, மணலை விலக்கித்தான் அதை வரவைக்கப் போகிறாய். காய்ந்த ஆற்றில் தண்ணீர் வருவதை ஞாபகப்படுத்திப் பார். முதலில் மணல் கறுக்கும், ஈரம் முன்னால் ஓடும். அதன் பின்னால் சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு ஒரு விளிம்பு வரும். அது விரல் விரலாகப் பிரிந்து, பள்ளத்தில் நின்று, நிறைந்து, வழிந்து, மறுபடி ஓடும். மேசையில் அரை அங்குலத் தட்டைப் பிரஷால் மணலைத் தள்ளினால், தள்ளப்பட்ட மணல் பிரஷுக்கு முன்னால் ஐந்தாறு மில்லிமீட்டர் அகலத்துக்கு வரப்புப் போலக் குவியும். குவிந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவாது. முன்னால் ஒரு கறுப்புப் பட்டை, பின்னால் வெளிச்சம். ஈரம் முந்தி ஓடுவது தானாகவே வந்துவிடுகிறது பார். அந்த வரப்பைத் துடைத்து அழகுபடுத்தாதே. அது ரொம்ப உயர்ந்தால் மட்டும் ஈர்க்குச்சியால் இரண்டு இடத்தில் கீறிவிடு, விரல் பிரிவதும் அங்கிருந்தே தொடங்கும்.

வேகம்: படத்துக்கு 2 மில்லிமீட்டர் நகர்த்தினால் விநாடிக்கு 24 மில்லிமீட்டர், 48 செ.மீ. அகலத்தைக் கடக்க 20 விநாடி ஆகும். ஆனால் ஒரே அளவில் நகர்ந்தால் திரைச்சீலை இழுத்த மாதிரி இருக்கும். 1, 1, 2, 4, 5, 3, 1 என்று ஏற்றி இறக்கு, பிறகு நான்கைந்து படம் நிறுத்து. நிற்கும்போதும் ஒவ்வொரு படத்துக்கும் வரப்பில் ஒரு சிட்டிகை மணலையாவது அசை. முழுக்க அசையாமல் விட்டால் படம் செத்துப்போய் ஃபோட்டோவாகத் தெரியும்.

மணல் எங்கே எடுப்பது என்று கேட்டிருந்தாய். நகரத்துக்குள் ஆறு சாக்கடை கலந்து கிடக்கிறது, அந்த மணலைக் கழுவி மாளாது. சோழவந்தான் பக்கம் மேல் ஆற்றில் ஒரு பை, மூன்று கிலோ போதும். கட்டட வேலை நடக்கிற இடத்தில் கிடைக்கும் எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம். அது உடைத்த கல், மூலையெல்லாம் கூராக இருக்கும், உருளாது, கண்ணாடியில் கீறல் போடும், தூசி பறக்கும். ஆற்று மணல் உருண்டு உருண்டு வந்தது, பிரஷுக்கு அடங்கும். அலசுகிற தண்ணீர் தெளிகிற வரை அலசி, வெயிலில் உலர்த்தி, கடாயில் ஈரம் போக வறுத்து ஆறவை. முதலில் மாவுச் சல்லடை, பிறகு டீ வடிகட்டி. வடிகட்டியில் இறங்கியதை மெல்லிய நைலான் துணியில் போட்டுக் குலுக்கு. துணிக்குக் கீழே விழும் பொடியைக் கொட்டிவிடு, அது கண்ணாடியில் ஒட்டிச் சாம்பல் மூட்டம் போடும். துணியில் தங்குவதுதான் உனக்கு வேண்டிய மணல். கோலப்பொடியும் இதே காரணத்தால் சரிப்படாது. ஆனால் அம்மா கோலமிழுக்கும் கை உனக்கு வேண்டும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இழை அறாமல் மணல் விடக் கற்றுக்கொண்டால், கரையின் கோட்டை ஒரே இழுப்பில் போட்டுவிடலாம்.

வைகை மணலில் கண்ணாடி மாதிரி வெள்ளைப் பரல் நிறைய இருக்கும். அதில் வெளிச்சம் கசியும். ஒரு மில்லிமீட்டர் பரப்பினால் தேன் நிறம், இரண்டுக்குப் பழுப்பு, மூன்றுக்கு மேலேதான் கறுப்பு. இதைக் குறையாக நினைக்காதே, உனக்கு இலவசமாகக் கிடைத்த மூன்று சாயம் அது. 48-க்கு 27 செ.மீ. பரப்பில் மூன்று மில்லிமீட்டர் பரப்ப 600 கிராம்போலப் பிடிக்கும். சலித்தது ஒரு கிலோ கையில் இருக்கட்டும். வண்ணம் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். வெளிச்சத்தின் ஊடே வண்ணம்தான் வேண்டுமென்றால் அதே வாரியத்தில் இருந்த இஷு படேல் ‘ஆஃப்டர்லைஃப்’ படத்தில் 1978-இல் செய்தது போலப் பிளாஸ்டிசின் களிமண்ணை மெல்லிசாகத் தேய்க்கும் வழி இருக்கிறது. அது வேறு படம்.

மேசைக்கு ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டும் இரண்டடிக்கு இரண்டடி எல்.இ.டி. பேனலே போதும். அதை மல்லாக்க வைத்து, பத்து செ.மீ. மேலே 3 மி.மீ. பால் வெள்ளை அக்ரிலிக், அதன்மேல் 6 மி.மீ. சாதாரணக் கண்ணாடி, விளிம்பு தேய்த்தது. அக்ரிலிக்கிலேயே நேராக மணலைக் கொட்டாதே. பிரஷ் உரசியதும் நிலைமின்சாரம் ஏறி மணல் ஒட்டிக்கொள்ளும், துடைக்கத் துடைக்க இன்னும் ஏறும். பேனலுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவரைப் பெட்டிக்கு வெளியே வை, சூடு உள்ளே தங்க வேண்டாம். டிம்மர் போடாதே. வெளிச்சம் அதிகமானால் ஷட்டரில் குறை. மணல் போடாமல் வெறும் கண்ணாடியை ஒரு படம் எடுத்து மூலைகளைப் பார், இருட்டினால் அக்ரிலிக்கை இன்னும் கொஞ்சம் உயர்த்து.

50 மி.மீ. லென்ஸ், உன் ஏ.பி.எஸ்.-சி கேமரா என்றால் 48 செ.மீ. அகலம் நிறைய கேமரா சுமார் 110 செ.மீ. உயரத்தில் தொங்க வேண்டும். டிரைபாட் வேண்டாம், கால் இடறும். லாஃப்ட் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இரும்புச் சட்டத்தில் கட்டிவிடலாம். மேசைக் கால்களைத் தரையோடு எம்-சீல் வைத்து ஒட்டு. கீழ்வீட்டு அறைதான் சரி, மாடியில் பஸ் போனால் அதிரும்.

படம் துடிப்பதுதான், அதாவது படத்துக்குப் படம் வெளிச்சம் கூடிக் குறைவதுதான், இந்த வேலையில் பெரிய தலைவலி, அதற்குக் காரணம் ஒன்று இல்லை. ஆட்டோ எக்ஸ்போஷர் ஒரு காரணம். தண்ணீர் பரவப் பரவ மேசையில் வெளிச்சம் கூடும், கேமரா அதைப் பார்த்துத் தானாக இருட்டாக்கும், உன் படமே பாழ். எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பாலன்ஸ் மூன்றையும் கையால் பூட்டு. ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8. ஷட்டர் 1/25 அல்லது அதைவிட மெதுவாக. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 தரம் துடிக்கும், ஷட்டர் முழுத் துடிப்புகளைப் பிடித்தால்தான் படத்துக்குப் படம் சமமாக வரும். புது லென்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் அபெர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளையை) மூடித் திறக்கும், ஒவ்வொரு முறையும் மயிரிழை மாறும். வளையம் திருப்பும் பழைய மேனுவல் லென்ஸ் ஒன்றை அடாப்டரோடு தேடிப் பிடி. அப்புறம் உன் சட்டை. வெள்ளைச் சட்டையில் பட்டு வெளிச்சம் திரும்பும், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஒவ்வொரு படத்துக்கும் ஒரே இடத்தில் நில். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும், ஸ்டெபிலைசர் வேண்டும். கரண்ட் போய் இன்வர்ட்டரில் ஓடும்போது படம் எடுக்காதே. பிறகு கணினியில் துடிப்பைச் சமன்செய்யும் டீஃப்ளிக்கர் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதே. உன் படத்தில் வெளிச்சம்தான் தண்ணீர். துடிப்பைத் தட்டும்போது அலை அலையாக ஏறும் வெளிச்சத்தையும் சேர்த்துத் தட்டிவிடும்.

நீ வருவது ஆடியில். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் உன் மணல் எம்மாத்திரம். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, நெற்றியில் துணி கட்டிக்கொண்டுதான் வேலை. ஒரு சொட்டு வேர்வை விழுந்தால் அந்த இடம் கட்டிபிடிக்கும், அந்த ஷாட் போனது. வாயால் ஊதாதே, மூச்சில் ஈரம் இருக்கிறது, ரப்பர் பல்ப் வைத்துக்கொள். ராத்திரி வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். மேசையை விட்டு எழுந்தால் மணலைத் தொடாத உயரத்தில் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டு எழு. ஷாட் நடுவில் தூங்கப் போவது கூடாது. அன்றைக்குத் தொடங்கிய ஷாட்டை அன்றைக்கே முடிக்கிற மாதிரிப் பிரித்துக்கொள்.

ஒலியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியதை அடித்துவிடு. ஒலி முதலில். உருமியில் வளைந்த குச்சி தோலை உரசி இழுக்கும்போது எழும் முனகல் மணல் தள்ளும் பிரஷுக்கு அப்படியே பொருந்தும். தாளத்தின் வேகத்தை மட்டும் நீ தேர்ந்தெடு: நிமிடத்துக்கு 720 படம், அந்த 720-ஐ அது மீதமில்லாமல் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 90 தட்டு என்றால் தட்டுக்கு 8 படம், 80 என்றால் 9, 72 என்றால் 10. 100 என்று வைத்தால் 7.2 படம், ஐந்து தட்டுக்கு ஒன்றுதான் சரியாகப் படத்தில் வந்து உட்காரும். வாசிப்பவர் காதில் சீராகத் தட்டும் மெட்ரனோம் போட்டுப் பதிவு செய், பதிவை ஃப்ரேம் ஃப்ரேமாகத் தாளில் எழுதி மேசைக்குப் பக்கத்தில் ஒட்டு. இஷு படேலின் ‘பீட் கேம்’ 1977-இல் வந்தது. அதற்குத் தாளம் ஞான் பிரகாஷ் கோஷ். பாசிமணிகள் அந்தத் தாளத்தோடு எப்படிச் சேர்ந்து பிரிகின்றன என்று ஒலியை வைத்து ஒரு தரமும், ஒலியை நிறுத்திவிட்டு ஒரு தரமும் பார்.

கடைசியாக ஒன்று, இதில்தான் உன் முடிவு எனக்குத் தெரிய வேண்டும். உன் மேசையில் மணலை எடுத்தால் தண்ணீர் வருகிறது. ஆற்றில் நடந்தது நேர் எதிர். மணலை அள்ள அள்ள நிலத்தடி ஈரம் போனது, கிணறு இறங்கியது. பார்க்கிறவர்களில் ஆற்றை அறிந்தவர் எவருக்கும் இது உறுத்தும், உறுத்த வேண்டும். படத்தின் முதல் 60 விநாடியில் வெளிச்சம் தண்ணீராக இருக்கட்டும். அதன்பின் விளிம்பு நகர்வதை நிறுத்திவிட்டு, வேறு ஒரு கருவியால், பிரஷால் அல்ல, ஏ.டி.எம். கார்டின் ஓரத்தால், நேர்க்கோட்டில், சதுரம் சதுரமாக மணலை எடு. அதே வெளிச்சம்தான் வரும். ஆனால் இப்போது அது பள்ளம். முன்னால் வரப்பு குவியாது, கறுப்புப் பட்டை வராது, ஈரம் முந்தி ஓடாது. ஒரு வசனமும் இல்லாமல் இரண்டு வெளிச்சத்துக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். இது நன்றாக வருமா என்பதைப் பேசித் தீர்க்க முடியாது. முதல் வாரமே பத்து விநாடி சோதனையாக எடுத்துப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் இதைச் சேர்த்தால் உருமி எங்கே நிற்கிறது என்பதும் மாறும்.

வரும்போது கேமராவை நேராகக் கரண்டில் ஓட்டும் டம்மி பேட்டரியும் ரிமோட்டும் மறக்காமல் எடுத்து வா. கண்ணாடியும் அக்ரிலிக்கும் இங்கே வெட்டி வாங்கிவிடுகிறேன், ஆனால் ஃப்ரேம் அளவு 48-க்கு 27 தானா என்று ஞாயிற்றுக்குள் சொல்லிவிடு. ஓரத்தில் கை ஊன்ற ஆறு செ.மீ. கூட்டித்தான் வெட்டச் சொல்வேன்.

அன்புடன்,
அப்பா
மதுரை