ஷட்டர் எத்தனை அடி?

பாம்பன்
ஆவணி 20

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி ஒன்றைத் தவிர வேறு குறை இல்லை. நீ அனுப்பிய தொகை வந்து சேர்ந்தது. வழக்கமாக அனுப்புவதைக் காட்டிலும் பல மடங்கு இருந்ததால், வங்கிப் புத்தகத்தில் பதிந்து வாங்கியபின் சைபர்களை இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். வீட்டை முழுவதுமாகச் சீர்செய்ய வேண்டும், தை பிறப்பதற்குள் வேலை முடிய வேண்டும், முன்அறையில் தெருப்பக்கம் ஷட்டர் வைக்க வேண்டும் என்று நீ சொன்னதாக அக்கா சொன்னாள். என்னிடமே சொல்லியிருக்கலாம். உனக்கு வேலை அதிகமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே நினைத்துக்கொள்ளத்தான் விரும்புகிறேன்.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தைக்குள் முடியாது, தம்பி. தையில்தான் ஓட்டைப் பிரிக்கவே முடியும். ஐப்பசியும் கார்த்திகையும் நம் ஊருக்கு மழைக்காலம் மட்டுமல்ல, புயற்காலமும்தான் என்பதை நீ மறந்திருக்கமாட்டாய். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது நான் ஆறு வயதுப் பிள்ளை. அன்று இந்த வீட்டின் ஓடுகளில் பாதிக்குமேல் பறந்துவிட்டன என்றாலும் பனங்கைகள் அசையவில்லை, சுவர் ஒரு விரற்கடை விலகவில்லை, தெருவில் பாதிப்பேர் நம் நடு அறையில்தான் நின்றபடியே விடியும்வரை இருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டின் கூரையை ஐப்பசியில் பிரித்துப் போட்டுவிட்டுத் தார்ப்பாயை நம்பி உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

ஆயத்த வேலைகளை மட்டும் தொடங்கிவிட்டேன். உன் தாத்தா 1958இல் எழுப்பியது கடற்கல் சுவர். மேலே சுண்ணாம்புக் காரை. அந்தக் காலத்தில் இந்தக் கரையில் பலரும் கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கல்லை வைத்துத்தான் கட்டினார்கள். மன்னார் வளைகுடா 1986இல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001இல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. இன்று கடலிலிருந்து ஒரு கல்லை எடுப்பதும் குற்றம். ஆகவே இடிக்குமிடத்தில் கிடைக்கும் கல்லை மறுபடியும் இந்தச் சுவருக்கே வைக்க வேண்டும், தரைக்கு நிரப்புகிறேன் என்று உடைக்கக் கூடாது என்று பொறியாளரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அவர் நல்ல பையன்; ஆனால் எதைக் கேட்டாலும் இடித்துவிடலாம் என்கிறார்.

சமையலறைச் சுவரில் வெள்ளையாகப் பஞ்சுபோலப் பூத்திருந்ததை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. அம்மா திட்டினாள். அந்தச் சுவருக்கு இடுப்பளவு சிமென்ட் பூசியவன் நான்தான். அப்பத்தா வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. காரைச் சுவர் தான் வாங்கிய ஈரத்தைத் தானே வெளியில் விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டதால் ஓதம் இடுப்பைத் தாண்டி ஏறி, இப்போது சாமி படம் மாட்டிய ஆணிவரைக்கும் வந்து நிற்கிறது. அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, மழை கழிந்தபின் சுவரை நன்றாகக் காயவிட்டு, மாசியில் சுண்ணாம்பே பூசலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஈரம் ஏறாத பெயின்ட் என்று ஒன்றைப் பொறியாளர் காட்டினார். நோயை உள்ளே வைத்துச் சட்டை மாட்டுகிற வேலை அது, வேண்டாம் என்றேன்.

கொல்லைப்புறத்து ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைக்காமல், தண்ணீர் தெளித்து முழுதாகக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. மின்வாரியத்தில் மீட்டரை இடம் மாற்ற விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பட்டாவில் இன்னும் தாத்தா பெயர்தான் இருக்கிறது; சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும், அது தனிக் கதை. கடல்நீர் ஏறி நிற்கும் உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் கடற்கரை ஒழுங்குமுறை விதி வருவதால், மாடி எழுப்பும் எண்ணம் உனக்கு இருந்தால் அளந்து, அனுமதி கேட்டபின்தான் பேச வேண்டும்.

ஒப்பந்தக்காரர் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார். உனக்கும் ஒரு படி அனுப்புகிறேன். வரி விடாமல் படித்துப் பார்த்தபின் கையெழுத்துப் போடு. இந்தத் தாளுக்கு மட்டுமல்ல, அங்கே யார் எந்தத் தாளை நீட்டினாலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே.

இப்போது ஷட்டர். தெருப்பக்கச் சுவரில் ஷட்டர் வைக்க வேண்டுமானால் திண்ணையில் பாதியை எடுக்க வேண்டும், பர்மாத் தேக்கு நிலையைக் கிழக்கே நகர்த்த வேண்டும். நகர்த்தலாம், முடியாதது இல்லை. ஆனால் இந்த உப்புக்காற்றில் சாதாரண இரும்பு ஷட்டர் துருவேறி இறுகிவிடும். துத்தநாகம் பூசியதாக வாங்க வேண்டும், அதையும் தினம் ஏற்றி இறக்க ஒரு ஆள் வேண்டும். மூடியே கிடக்கிற ஷட்டர்தான் முதலில் கெடும். அந்த முன்அறை எதற்கு என்று அக்காவிடம் கேட்டேன், தெரியாது என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது என்பது உனக்கும் தெரியும். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில் 2025 ஏப்ரலிலிருந்து புதுப் பாலத்தின்மேல் ஓடுகிறது. நீ அதை இன்னும் பார்க்கவில்லை என்று அம்மா மட்டும் அடிக்கடி சொல்லிக்கொண்டிருக்கிறாள். பதினேழு வருஷத்தில் ஒரு மாதம்கூடப் பணம் தவறாத பிள்ளை என்று நான் பெருமையாகச் சொல்லாத இடமில்லை. பணம் தவறினால் என்ன என்று உன்னிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டும்.

பின்அறையைப் பற்றி எழுதாமல் முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனியில் ஒரு நாள் இரவு அதன் மேல்தளத்திலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து அம்மாவின் தையல் மெஷின்மேல் விழுந்தது. உள்ளங்கைத் தடிமன். ஒரு பக்கம் கம்பி படுத்திருந்த பள்ளம், அதில் செம்பழுப்பாகத் துரு. இரும்பு துருப்பிடித்தால் ஊதிப் பெருத்து அதிக இடம் கேட்கும்; கொடுக்க இடமில்லாததால் காங்கிரீட்டைப் பிளந்துவிடும் என்று பொறியாளர் விளக்கினார். பிறகு அந்தப் பாளத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். பொட்டளவு சிப்பிகள், இரண்டு மூன்று, வெள்ளையாக உள்ளே பதிந்திருந்தன. எந்த மேஸ்திரி இப்படிக் கடற்கரை மணலைப் போட்டுக் கட்டியது என்று கேட்டார். நான் பேசாமல் இருந்தேன்.

மேஸ்திரி போடவில்லை. நான் போட்டேன். 2009இல் உன் முதல் வருஷச் சம்பளத்தில் கட்டிய அறை அது. ஆற்று மணலுக்கு என்று நீ அனுப்பிய பணத்தில் பாதியை வேறு வழிக்கு எடுத்துக்கொண்டு, கரையிலிருந்து இரவோடு இரவாக நான்கு வண்டி அடித்தேன். நம் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றிக் கலக்கச் சொன்னேன். மேஸ்திரி இரண்டு நாள் வேலைக்கு வராமல் இருந்து, பிறகு வந்து, பொறுப்பு என்னுடையதல்ல என்று சொல்லிவிட்டுத்தான் கலந்தார். எடுத்த பணம் ஒரு நண்பனுக்கு ஜாமீனாகப் படிக்காமல் போட்ட கையெழுத்துக்குப் போயிற்று. அம்மாவுக்கும் தெரியாது. அறையில் முதல் விரிசல் விட்டபோது நீ விடுமுறையில் இருந்தாய். மேஸ்திரி ஏமாற்றிவிட்டார் என்று உன்னிடம் சொன்னேன். டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் நீ அவரைக் கேட்ட கேள்விகளை நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் நம் தெருவில் அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை.

இந்தத் தடவை அப்படி நடக்காது. கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தேன். கம்பி வைத்த காங்கிரீட்டுக்கு உப்பிலுள்ள குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குமேல் கூடாது என்று காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது, நம் கிணறு அதைத் தாண்டிவிட்டது. டிராக்டர் தண்ணீர்தான். மணல் எம்-சாண்ட், ரசீதோடு. கடற்காற்று படுமிடத்தில் கம்பிக்குமேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடல் இருக்க வேண்டுமென்பதால், அந்த இடைவெளிக்காக வைக்கும் கவர் பிளாக்கை நானே அளந்து வைப்பேன். பின்அறையின் தளத்துக்கு இப்போது சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருக்கிறேன். அம்மாவை அங்கே படுக்க விடுவதில்லை.

மேஸ்திரி அக்காள்மடத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, சாரம் ஏற முடியாது. ஆனால் கடற்கல்லையும் காரையையும் அறிந்தவர்கள் இப்போது இங்கே அவரைப்போல் யாரும் இல்லை. நாளை காலை போய், டீக்கடையில் சொல்லாததைச் சொல்லிவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்தாவது முன்சுவர் வேலையைப் பார்த்துக்கொடுங்கள் என்று கேட்கப்போகிறேன். வருவாரா என்று தெரியவில்லை. நீ ஊருக்கு வரும்போது அவரை ஒரு தடவை பார்த்துவிடு. நான் கூட வருகிறேன்.

ஷட்டர் எட்டடியா, பத்தடியா என்று மட்டும் எழுது. நிலையை எவ்வளவு நகர்த்துவது என்பதை அதற்குத் தக்கபடி குறித்து வைத்துக்கொள்கிறேன். பத்தடி என்றால் அந்த அறைக்குத் தனி மீட்டருக்கும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாம்.

அப்பா